செஸ் போர்டுல இருந்து செக் புக் வரைக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்வியில பாதி ஒரே வார்த்தையைச் சுத்தியே இருந்துச்சு, அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். கோச்சுக்காதீங்க.

கேள்வி: பேங்க்ல குடுக்குற செக், செஸ்ல சொல்ற செக், பஸ்ல ஏறுற செக்கிங், போட்டுக்குற செக்டு சட்டை, இதெல்லாம் ஒரே வார்த்தையா, இல்ல தனித்தனி வார்த்தைங்க தற்செயலா ஒரே மாதிரி கேக்குதா சார்? சர்வீஸ் முழுக்க செக் பாஸ் பண்ணியே காலம் போச்சு, ஒரு நாளும் தோணல, இப்போ பேரன் கேக்குறான், முழிக்கிறேன்.
- ஓய்வுபெற்ற பேங்க் ஊழியர், கும்பகோணம்

பதில்: பேரனுக்கு ஒரு சபாஷ் சொல்லிடுங்க. எல்லாம் ஒரே வார்த்தைதான், அதுவும் இங்கிலீஷ்ல பொறந்த வார்த்தையே கிடையாது. பொறந்த வீடு ஈரான், அதுக்கும் முன்னாடி போனா நம்ம பக்கம்தான் வந்து நிக்கும்.

சதுரங்கம்னா நாலு அங்கம், யானை குதிரை தேர் காலாள்னு படையோட நாலு பிரிவு, அது பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. சுமார் ஆறாம் நூற்றாண்டு வாக்குல இந்த ஆட்டம் இங்கிருந்து பாரசீகத்துக்குப் போச்சு, அங்க 'சத்ரங்' ஆச்சு, அப்புறம் அரபிக்காரங்க பாரசீகத்தைப் பிடிச்சதும் அவங்க பாஷையில 'ச்ச'வும் இல்ல, 'சத்ரங்' கடைசியில வர்ற 'g' சத்தமும் இல்லங்கிறதால 'ஷத்ரன்ஜ்' ஆச்சு. பாரசீகத்துல ராஜாவுக்கு 'ஷா'ன்னு பேரு. 1979 வரைக்கும் ஈரான் மன்னரை ஷான்னுதானே பேப்பர்ல எழுதினாங்க, ஷாஜகான்ல இருக்கிறதும் அதே ஷாதான். ஆட்டத்துல எதிராளியோட ராஜாவைக் குறி வச்சுட்டா சத்தமா 'ஷா!'ன்னு சொல்லணும், அதாவது 'யோவ், உன் ராஜாவைப் பாரு'ன்னு எச்சரிக்கை. நாம இன்னிக்கு 'செக்!'னு சொல்றது அந்த 'ஷா'வேதான், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஊர் ஊரா அலைஞ்சதுல தேய்ஞ்சு உருமாறி வந்து நிக்குது.

எப்படித் தேய்ஞ்சுதுன்னா, ஸ்பெயின் இத்தாலி வழியா ஐரோப்பாவுக்குள்ள போனப்போ லத்தீன்ல 'ஸ்காக்கஸ்'னு ஆச்சு, பழைய பிரெஞ்சுல 'எஷெக்'னு ஆச்சு, அதை இங்கிலீஷ்காரன் முன்னாடி இருந்த 'எ'வை விழுங்கிட்டு 'செக்'னான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த பிரெஞ்சு வார்த்தையோட பன்மை இருக்கு பாருங்க, அதுதான் 'செஸ்' ஆச்சு. அதாவது செக் ஒருமை, செஸ் பன்மை. செஸ் விளையாடலாமான்னு கேட்டா, வேர் வரைக்கும் தோண்டிப் பாத்தா, 'ராஜாக்கள் விளையாடலாமா'ன்னு கேக்குறீங்க.

ஸ்பெயின்காரனும் போர்ச்சுகல்காரனும் மட்டும் வேற வழியில போயிட்டாங்க, அவங்க ராஜா பேரை விட்டுட்டு ஆட்டத்தோட பேரையே பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்பானிஷ்ல செஸ்ஸுக்கு 'அஹெத்ரேஸ்', போர்ச்சுகீஸ்ல 'ஷத்ரேஸ்'. ரெண்டும் அரபி வழியாப் போன நம்ம சதுரங்கம்தான்.

சரி, உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். இந்த வார்த்தை ரெண்டு ரோட்ல போச்சு. ஒரு ரோடு ராஜாகிட்ட இருந்து கிளம்புது: செக் சொல்லிட்டா எதிராளி வேற எந்த வேலையும் பாக்க முடியாது, மொதல்ல அதைச் சமாளிக்கணும், அதனால செக்னா தடுக்குறது, நிறுத்துறது, கட்டுப்பாட்டுல வைக்கிறது. இன்னொரு ரோடு போர்டுல இருந்து கிளம்புது: கட்டம் கட்டமா எது இருந்தாலும் செக். பஸ் செக்கிங் முதல் ரோடு, சட்டை ரெண்டாவது ரோடு. நீங்க பாஸ் பண்ணீங்களே அந்த செக், அது ரெண்டு ரோடும் வந்து முட்டுற ஜங்ஷன். அதுக்குத் தனியா ஒருத்தர் கேட்டிருக்காங்க, கீழ பாருங்க.

கேள்வி: செக்மேட்ல வர்ற 'மேட்'டுக்கும் ரூம் மேட், கிளாஸ் மேட்டுக்கும் சம்பந்தம் உண்டா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: சுத்தமா இல்லம்மா. 'ஷா மாத்'ங்கிறதுதான் செக்மேட் ஆச்சு. அரபியில 'மாத்'னா செத்துட்டான்னு அர்த்தம் வருங்கிறதால 'ராஜா செத்தான்'னு நிறைய பேர் எழுதுவாங்க. ஆனா பாரசீகத்துல 'மாத்'னா வழி தெரியாம திகைச்சுப் போய் நிக்கிறது, கதியத்துப் போறது. அதுதான் ஆட்டத்துக்கும் பொருந்துது, ஏன்னா செஸ்ல எல்லாரையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் கடைசி வரைக்கும் யாரும் வெட்டுறது கிடையாதே, போக இடமில்லாம நிக்கிறதோட ஆட்டம் முடிஞ்சிடும். ஹிந்தியில இன்னிக்கும் தோக்கடிச்சுட்டேன்னு சொல்ல 'மாத்'துன்னுதான் சொல்றாங்க. பிரெஞ்சுல இன்னும் மோசம், 'எஷெக்'னாலே தோல்வின்னு அர்த்தம், பரீட்சையில ஃபெயில் ஆனாலும் அதே வார்த்தைதான்.

கேள்வி: பிரிட்டன் நிதியமைச்சரை 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'னு சொல்றாங்களே, ரிஷி சுனக் அந்தப் பதவியில இருந்தப்போ பேப்பர்ல அடிக்கடி படிச்சேன், அதுல வர்ற 'செக்கர்' என்ன? செக் பண்றவர்னு அர்த்தமா?
- போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், விருதுநகர்

பதில்: அப்படித்தான் தோணும், ஆனா இல்ல. பழைய பிரெஞ்சுல 'எஷெக்கியே'ன்னா செஸ் போர்டு. எக்ஸ்செக்கர்னா செஸ் போர்டுதான். ஒரு நாட்டோட கஜானாவுக்கு எப்படிடா செஸ் போர்டுன்னு பேரு வந்துச்சுன்னா, உண்மையிலேயே ஒரு மேசை மேல கட்டம் போட்ட துணியை விரிச்சு அதுலதான் கணக்குப் பாத்தாங்க.

இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றி காலத்துல, 1110 வாக்குல இந்தப் பேரு எழுத்துல வந்துடுது. ஆனா அது எப்படி நடந்துச்சுன்னு விலாவாரியா நமக்குத் தெரியறது ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்னு ஒரு ஆளால. இரண்டாம் ஹென்றியோட பொருளாளர். 1170கள் கடைசியில உக்காந்து, குருவும் சிஷ்யனும் பேசிக்கிற மாதிரி ஒரு புத்தகமே எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். மேசை பத்தடி நீளம் அஞ்சடி அகலம், காசு உருண்டு கீழ விழாம இருக்க சுத்தியும் நாலு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, மேல கறுப்புத் துணி, அதுல ஓரடிக்கோ ஒரு சாண் அகலத்துக்கோ கோடு. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுனுக்கு, அப்புறம் இருபது பவுன், நூறு, ஆயிரம்னு போகும். ஒவ்வொரு மாவட்டத்துல இருந்தும் ஷெரீஃப், அதாவது நம்ம ஊரு கலெக்டர் மாதிரி வரி வசூல் பண்ற ஆளு, ஈஸ்டருக்கு ஒரு தடவையும் செப்டம்பர் கடைசியில ஒரு தடவையும் வந்து மேசை முன்னாடி உக்காரணும். கட்ட வேண்டியது இவ்வளவுன்னு மேல் வரிசையில வில்லைகளை அடுக்குவாங்க, கட்டினது இவ்வளவுன்னு கீழ அடுக்குவாங்க, ரெண்டுக்கும் கழிச்சுப் பாத்தா பாக்கி எவ்வளவுன்னு எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சிடும்.

ஏன் இப்படி மெனக்கெடணும்? ரோமன் எண்ணை வச்சு பேப்பர்ல கழிச்சுப் பாருங்க, ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சிடும். பூஜ்ஜியம் கிடையாது, இடமதிப்பு கிடையாது, பன்னெண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன்னு தலைவலி வேற, வந்து உக்காந்திருக்கிற ஷெரீஃபுல பல பேருக்கு எழுதப் படிக்கவும் வராது. கட்டம் போட்ட துணி இருந்தா இடமதிப்பு தானா வந்துடுது. நம்ம தாத்தாக்கள் முந்திரி, காணின்னு பின்னத்துக்கெல்லாம் வாய்ப்பாடு போட்டு மனப்பாடமா வச்சிருந்த அதே பிரச்சினையை இவங்க துணியில தீத்துக்கிட்டாங்க.

செஸ் பேரு வந்ததுக்கு ஃபிட்ஸ்நீல் சொல்ற காரணம் இன்னும் ஜோர். கட்டம் இருக்கிறது மட்டும் இல்லையாம், செஸ்ல ரெண்டு பேரு மோதுற மாதிரி இங்கயும் பொருளாளரும் ஷெரீஃபும் மோதுறாங்க, மத்தவங்க சுத்தி உக்காந்து தீர்ப்பு சொல்றாங்கன்னு சொல்றார். ஆடிட்டர் முன்னாடி உக்காந்த அனுபவம் இருக்கிறவங்களுக்கு அந்த மனுஷன் எதைச் சொல்றார்னு நல்லாவே புரியும்.

பணம் கட்டினவங்களுக்கு ரசீது குச்சியிலதான். ஒரு குச்சியில தொகைக்கு ஏத்த மாதிரி வெட்டு போடுவாங்க, ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்கு கட்டை விரல், இருபதுக்கு சுண்டு விரல், ஒரு பவுனுக்கு பார்லி மணி அகலம், அப்புறம் குச்சியை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. அடுத்த தடவை வரும்போது ரெண்டு பாதியும் பொருந்துதான்னு பாத்தாப் போதும், யாரும் திருட்டுத்தனமா ஒரு வெட்டு கூடப் போட முடியாது. இதுல பெரிய பாதிக்கு 'ஸ்டாக்'னு பேரு, ஷேர் மார்க்கெட்ல இன்னிக்கு ஏறி இறங்குற ஸ்டாக் அதோட வாரிசுதான். 1826 வரைக்கும் இந்தக் குச்சிக் கணக்கு ஓடியிருக்கு. அப்புறம் மிச்சம் கிடந்ததையெல்லாம் 1834 அக்டோபர் 16ஆம் தேதி பார்லிமென்ட் கட்டடத்து அடுப்புல போட்டு எரிச்சாங்க, சூடு தாங்காம பார்லிமென்ட்டே எரிஞ்சு போச்சு. பழைய ஃபைலை அழிக்கச் சொன்னா ஆபீஸையே கொளுத்தின கதை.

கேள்வி: பேங்க் செக்குக்கு மட்டும் ஏன் சி எச் இ க்யூ யு இ-ன்னு வாயில நுழையாத ஸ்பெல்லிங்? அமெரிக்காக்காரன் சாதாரணமா கே போட்டு எழுதுறானே, யாரு சரி?
- கணக்குப்பிள்ளை, சிவகாசி

பதில்: அமெரிக்காக்காரன்தான் பழைய ஸ்பெல்லிங்கை வச்சிருக்கான். நீங்க உங்க செக் புக்கை எடுத்துத் திறங்க. செக்கைக் கிழிச்சப்புறம் இடது பக்கம் ஒரு துண்டு நிக்கும்ல, தேதி, யாருக்கு, எவ்வளவுன்னு குறிச்சு வைக்கிற அடிக்கட்டை (இப்போ நிறைய பேங்க்ல அதையும் விட்டுட்டு முன்னாடி ஒரு பக்கம் குறிப்பு எழுத மட்டும் குடுக்குறாங்க, அது வேற விஷயம்), அந்தத் துண்டுதான் ஆதியில செக். கிழிச்சுக் குடுக்குற தாளுக்கு அந்தப் பேரு இல்ல.

1700கள் ஆரம்பத்துல அரசாங்கப் பத்திரம் அடிக்கும்போது மோசடியைத் தடுக்க பக்கத்துலயே ஒரு மறுபாதியை வச்சு, ரெண்டுக்கும் நடுவுல நெளிநெளியா வெட்டிப் பிரிச்சாங்க. பத்திரம் திரும்பி வந்தா மறுபாதியோட வச்சுப் பாக்கலாம், பொருந்தலன்னா போலி. மோசடிக்கு செக் வைக்கிற துண்டுங்கிறதால அதுக்கு செக்னு பேரு, அதே குச்சிக் கணக்குதான், மரத்துக்குப் பதிலா பேப்பர். கொஞ்ச நாள்ல இந்தத் துண்டு வச்ச தாளுக்கே செக்னு பேரு ஒட்டிக்கிச்சு. தாள்ல எழுதி 'இவருக்கு இவ்வளவு குடு'ன்னு சொல்ற பழக்கம் அதுக்கு முன்னாடியே உண்டு, இன்னிக்குக் கிடைக்கிறதுல ரொம்பப் பழசுன்னு சொல்ற ஒண்ணு 1659 தேதி போட்டது, லண்டன்ல எழுதினது, 400 பவுனுக்கு. ஆனா அப்போ அதுக்கு இந்தப் பேரு கிடையாது.

க்யூ வந்தது எக்ஸ்செக்கர் பாதிப்புலதான். கஜானாவுல க்யூ இருக்கு, இதுவும் பணம், அதனால இதுக்கும் க்யூ. கில்பார்ட்னு ஒரு பேங்கர் 1828ல எழுதின புத்தகத்துல, பெரும்பாலானவங்க கே போட்டுத்தான் எழுதுறாங்க, நான் குழப்பம் வரக்கூடாதுன்னும் எக்ஸ்செக்கரோட ஒத்துப் போகணும்னும் இப்படி எழுதுறேன்னு காரணம் சொல்லியே எழுதியிருக்கார். பிரிட்டன் பழக்கம்தானே நமக்கு வந்தது, நம்ம 1881ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்துலயும் க்யூதான், செக் பவுன்ஸ் ஆனா கோர்ட்டுக்கு இழுக்குற 138ஆம் பிரிவும் அந்தச் சட்டத்துலதான் இருக்கு. ஜங்ஷன்னு மேல சொன்னேன்ல, அது இதுதான். அர்த்தம் ராஜா ரோட்ல வந்துச்சு, ஸ்பெல்லிங் போர்டு ரோட்ல வந்துச்சு.

கேள்வி: நாங்க கடையில கட்டம் போட்ட துணியை முத்துக் கட்டம், கொட்டடின்னு சொல்லி விக்கிறோம், வெளிநாட்டு பார்ட்டி வந்தா எல்லாத்தையும் ஒரே வார்த்தையில 'செக்ஸ்'னு முடிச்சுடுறான். மெட்ராஸ் செக்னு தனியா ஒண்ணு கேக்குறான், அது என்ன கதை?
- ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: கட்டம்னு சொல்றதுக்கு அவன் செஸ் போர்டைக் கூப்பிடுறான், அவ்வளவுதான். ஆனா இதுல ஒரு வேடிக்கை. நம்ம ஊர்ல பழைய சதுரங்கப் பலகை எட்டுக்கு எட்டு கட்டம்தான், அஷ்டபதம்னு பேரு, ஆனா கறுப்பு வெள்ளை கிடையாது, வெறும் கோடு, சில கட்டத்துல மட்டும் பெருக்கல் குறி. பாரசீகத்துலயும் அரபியிலயும் அப்படித்தான். மாத்தி மாத்தி ரெண்டு கலர் அடிச்சது ஐரோப்பாக்காரன், அதுவும் சுமார் ஆயிரமாவது வருஷ வாக்குல. அதனால ஆட்டம் நம்மளது, பேரு ஈரானோடது, கலர் மட்டும் அவனோடது.

மெட்ராஸ் செக் நம்ம கடற்கரைச் சரக்கு. அன்னிக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்த சீராலா பக்கமெல்லாம் கைத்தறியில நெய்து 'மெட்ராஸ் கைக்குட்டை'ங்கிற பேர்ல கப்பல் ஏத்தினது. கைக்குட்டைன்னா மூக்குத் துடைக்கிறது இல்ல, ஒவ்வொண்ணும் கஜ அளவுக்கு இருக்கும். நைஜீரியாவுல நைஜர் ஆத்து முகத்துவாரத்துல இருக்கிற கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி'ன்னு கூப்பிட்டு, பிள்ளை பொறந்ததுல இருந்து சாவு வரைக்கும் எல்லாச் சடங்குக்கும் வச்சுக்கிட்டாங்க. அதுல இருக்கிற நூலை அங்கங்க நறுக்கி உருவி, கட்டத்துக்குள்ள புது டிசைனே கொண்டு வந்துடுவாங்க, பொறுமையான வேலை.

அமெரிக்கா கதை வேற. 1958ல ஒரு அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியா வந்து கிருஷ்ணன் நாயர்கிட்ட, பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே அவரேதான், ஆயிரக்கணக்கான கஜம் வாங்கிட்டுப் போனார். பச்சைத் தண்ணியில பதமா அலசணும்னு இவர் சொல்லி அனுப்பினது அங்க வாங்கினவங்க காதுக்குப் போகல. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில கோட்டு சூட்டுன்னு தைச்சு வித்துட்டாங்க, மெஷின்ல போட்டதும் சாயம் ஓடிடுச்சு, ஏக ரகளை. கடைசியில அதையே விளம்பரமாக்கி 'சாயம் போகும், அதுக்கு கேரண்டி'ன்னு போட்டாங்க, ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கலர் கலந்து புதுசா ஆகுற அதிசயத் துணின்னு சரக்கு பறந்துடுச்சு. உங்க கடையில சாயம் போச்சுன்னு யாராவது சண்டைக்கு வந்தா இதைச் சொல்லிப் பாருங்க, ஆனா ஈரோட்டுல வேலைக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன்.

கேள்வி: டிவியில எப்பப் பாத்தாலும் 'அவருக்கு செக் வைத்தார் இவர்'னே போடுறாங்களே, அதுவும் இந்த செக்தானா? அப்போ தடுக்குறதுங்கிறது 'வாட்ஸ்அப் செக் பண்ணு'ன்னு எப்படி ஆச்சு?
- குடும்பத் தலைவி, திருநெல்வேலி

பதில்: அக்கா, எனக்கு என்ன தோணுதுன்னா இங்கிலீஷ்காரங்களை விட நம்ம அரசியல் நிருபருங்கதான் இந்த வார்த்தையோட ஒரிஜினல் அர்த்தத்தை இன்னும் காப்பாத்திட்டு இருக்காங்க. ராஜாவுக்கு செக் வைக்கிறதும் கூட்டணித் தலைவருக்கு செக் வைக்கிறதும் அச்சு அசல் ஒண்ணு. தண்ணியைத் தடுக்குற செக் டேம், நம்ம தடுப்பணை, அதுலயும் அதே அர்த்தம். செக் போஸ்ட்லயும் லாரியை முதல்ல நிறுத்துறாங்க, அப்புறம்தான் பாக்குறாங்க.

தடுக்குறது பாக்குறதா மாறினது பஸ்ல தெரியும். டிக்கெட் மெஷின் வர்றதுக்கு முன்னாடி கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிக்கெட் நம்பரை இன்வாய்ஸ்ல குறிச்சு வச்சிருப்பார், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினதும் முதல்ல அதை வாங்கிப் பாத்துட்டு, அப்புறம்தான் நம்ம கையில இருக்கிற டிக்கெட்டோட ஒப்பிடுவார். திருட்டைத் தடுக்கணும்னா ரெண்டு கணக்கையும் ஒப்பிடணும், ஒப்பிடுறதே நாளடைவுல 'செக் பண்றது' ஆகிடுச்சு, 1600கள் கடைசியில இந்த அர்த்தம் இங்கிலீஷ்ல வந்துடுது. 'கன்ட்ரோல்'ங்கிற வார்த்தையும் இப்படித்தான், அது பிரெஞ்சுல 'எதிர்ச் சுருள்', அதாவது ஒப்பிடுறதுக்காக வச்சிருக்கிற ரெண்டாவது கணக்குச் சுருள். வாட்ஸ்அப்ல ஒப்பிட ஒண்ணும் இல்லதான். அங்க சும்மா எட்டிப் பாக்குறதுக்கே அந்தப் பேரு வந்துடுச்சு.

கேள்வி: பையன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். ஹோட்டல்ல சாப்பிட்டு முடிச்சதும் 'செக் ப்ளீஸ்'ங்கிறான். நான் பேங்க் செக் குடுக்கப் போறான்னு நினைச்சேன்.
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அங்க பில்லுக்குத்தான் அந்தப் பேரும்மா. அடையாளத் துண்டு, டோக்கன் எல்லாமே அங்க செக்தான், மேல சொன்ன அடிக்கட்டை வம்சம். கோட்டைக் கழட்டிக் குடுத்தா ஒரு துண்டு குடுப்பான், பெட்டியை ஏர்போர்ட்ல போட்டா ஒரு துண்டு, எல்லாம் செக். 1880கள்ல பேஸ்பால் மேட்ச் மழையில நின்னு போனா இன்னொரு நாள் வந்து பாக்க ஒரு துண்டு குடுத்தாங்க, அது 'ரெயின் செக்'. இப்போ யாராவது விருந்துக்குக் கூப்பிட்டு போக முடியலன்னா, இன்னொரு நாள் வரேன்னு சொல்றதுக்கு அதைத்தான் சொல்றாங்க. உங்க பையன் அப்படிச் சொன்னா குடை எடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க.

கேள்வி: செக் குடியரசு? எண்ணெய் ஆட்டுற செக்கு?
- போஸ்ட் கார்டுல ஊர், பேரு எதுவும் இல்ல

பதில்: ரெண்டும் இந்தக் குடும்பம் இல்ல. செக் குடியரசு அந்த மக்கள் தங்களைக் கூப்பிட்டுக்கிற பேரு. செக்கு நம்ம சொந்த வார்த்தை, கோயம்புத்தூர் ஜெயில்ல வ.உ.சி. இழுத்தது அதைத்தான். அடுத்த தடவை ஊரையாவது எழுதுங்க சாமி.